இயற்கைக்குக் கணக்கு எழுதும் படிப்பு

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் வாரத்தில் மும்பைத் தமிழர் வீடுகளில் ஒரே பேச்சுத்தான். மாதுங்காவானாலும் சரி, தாராவியானாலும் சரி, செம்பூர், முலுண்ட், டோம்பிவிலியானாலும் சரி, இன்ஜினீயரிங்கா, டாக்டர் படிப்பா, பி.காமா என்ற மூன்று கேள்விகளைத் தாண்டிப் பேச்சு நகராது. அப்பா ஆபீசில் பக்கத்து மேஜைக்காரரிடம் யோசனை கேட்டு வருவார். எதிர் வீட்டு மாமா, தம் அண்ணன் மகன் கம்ப்யூட்டர் படித்து அமெரிக்கா போன கதையை மறுபடியும் சொல்வார். ஊரிலிருந்து தாய்மாமன் போன் செய்து தம் பங்குக்கு ஒரு யோசனை சொல்லி வைப்பார்.

இந்தச் சந்தடியில், "அப்பா, நான் எக்காலஜி படிக்கிறேன்" என்று மகள் சொன்னால் என்ன ஆகும்?

"அது என்னம்மா படிப்பு?"

"செடி, கொடி, பிராணி, மண், தண்ணி எல்லாத்தையும் சேர்த்துப் படிக்கிறதுப்பா."

"படிச்சு முடிச்சா யாரும்மா வேலை குடுப்பாங்க?"

தகப்பன் கேட்பது நியாயமான கேள்வி. மாதச் சம்பளத்தில் வாடகையும் ரயில் பாஸும் போக மிச்சம் பிடித்து, போதாததற்கு நகையை அடகு வைத்துக் கல்லூரிக் கட்டணம் கட்டுகிறவருக்கு அதைக் கேட்க முழு உரிமை உண்டு. ஆனால் கேள்வி கேட்டவர் விடைக்காகக் காத்திருப்பதில்லை. "அதெல்லாம் பணக்காரப் பிள்ளைகள் படிக்கிற படிப்பு" என்று தாமே முடிவு கட்டிவிடுகிறார். அந்த முடிவு சரிதானா என்று பார்ப்போம்.

ஒரே வீட்டில் பிறந்த இரண்டு சொற்கள்

எக்காலஜி என்ற சொல்லை 1866-ஆம் ஆண்டில் உருவாக்கியவர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் என்ற ஜெர்மன் விஞ்ஞானி. கிரேக்க மொழியில் ‘ஓய்க்கோஸ்’ என்றால் வீடு. எக்கனாமிக்ஸ் என்று நாம் சொல்லும் பொருளாதாரத்துக்கும் அதே ‘ஓய்க்கோஸ்’தான் வேர்ச்சொல். பொருளாதாரம் வீட்டை நடத்தும் முறை. எக்காலஜி வீட்டைப் பற்றிய அறிவு. தமிழில் இதைச் சூழலியல் என்கிறோம்.

ஆகவே, கணக்கு எழுதிப் பழகிய குமாஸ்தாவுக்குச் சூழலியல் அந்நியமான சங்கதி அல்ல. ஒரு குடும்பத்துக்கு வரவு, செலவு, இருப்பு, கடன் இருப்பது போலவே ஒரு குளத்துக்கும் உண்டு. வெயில் அதற்கு வரவு. அந்த வெயிலைப் பிடித்துப் பாசி வளர்கிறது. பாசியைப் புழு தின்கிறது; புழுவை மீன் தின்கிறது; மீனைக் கொக்கு கொத்திக்கொண்டு போகிறது. செத்து விழுந்ததை எல்லாம் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் சிதைத்து, மறுபடியும் பாசிக்கு உரமாக்குகின்றன. இந்தப் பேரேட்டில் ஒரு வரியை அழித்தால் கூட்டல் எங்கோ இடிக்கும். எந்த வரி, எவ்வளவு, எங்கே இடிக்கும் என்று கண்டுபிடிப்பதே சூழலியல். உயிருள்ளதும் உயிரற்றதும் சேர்ந்த இந்த முழு அமைப்புக்கு ‘எக்கோசிஸ்டம்’ என்ற பெயரை 1935-இல் வழங்கியவர் ஆர்தர் டான்ஸ்லி என்ற ஆங்கிலேயத் தாவர இயல் அறிஞர்.

தமிழ்ப் பாடம் படித்தவர்களுக்கு இது வேறொன்றையும் நினைவூட்டும். தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றது. அந்தந்த நிலத்துக்கு உரிய உணவு, மரம், விலங்கு, பறவை, தொழில் முதலியவற்றைக் கருப்பொருள் என்றது. இன்றைய வகுப்பறையில் உயிரற்ற காரணிகள், உயிருள்ள காரணிகள் என்று பிரித்துச் சொல்லும்போது, ஐந்திணை படித்த பிள்ளைக்குச் சட்டென்று விளங்கிவிடும். அதற்காக விஞ்ஞானம் முழுவதையும் நம் முன்னோர் அன்றே எழுதிவிட்டார்கள் என்று மார்தட்டுவது பொருந்தாது. அவர்கள் எழுதியது செய்யுளுக்கான இலக்கணம். அளந்து, எண்ணி, தவறு என்று தெரிந்தால் திருத்திக்கொள்வது விஞ்ஞானம்.

வகுப்பறை பாதி, சேறு பாதி

இந்தப் பட்டப்படிப்பில் என்னதான் சொல்லித் தருகிறார்கள்? முதலில் தாவர இயல், விலங்கியல், வேதியியல் ஆகியவற்றின் அடிப்படை. பிறகு மண், நீர், தட்பவெப்பம், பரம்பரை இயல், பரிணாமம். இவற்றோடு புள்ளியியல் கட்டாயம் வரும். பிராணிகளை நேசித்தால் போதும், கணக்கு தேவையில்லை என்று எண்ணிச் சேருகிற பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். யூஜின் ஓடம் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1953-இல் வெளியிட்ட ‘ஃபண்டமென்டல்ஸ் ஆஃப் எக்காலஜி’ என்ற நூல் உலகெங்கும் பல தலைமுறை மாணவர்கள் படித்த பாடநூல். அதைப் புரட்டினாலே வரைபடமும் எண்ணும் எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.

பாதிப் படிப்பு வெளியில் நடக்கும். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரச் சட்டம் ஒன்றைத் தரையில் வைத்து, அதற்குள் எத்தனை வகைச் செடி, ஒவ்வொன்றிலும் எத்தனை என்று எண்ணி எழுத வேண்டும். பிறகு சட்டத்தைத் தள்ளி வைத்து மறுபடியும் எண்ண வேண்டும். காட்டில் ஒரே நேர்கோட்டில் ஓசைப்படாமல் நடந்து, இரு பக்கமும் கண்ட பறவையை, விலங்கை, அது இருந்த தூரத்தைக் குறிக்க வேண்டும். ஆற்றுநீரைப் புட்டியில் பிடித்து, அதில் கரைந்துள்ள பிராணவாயு எவ்வளவு என்று சோதிக்க வேண்டும். ஹங்கேரி நாட்டு வேதியியலாளர் விங்க்ளர் 1888-இல் வகுத்த முறை இன்றும் கல்லூரிச் சோதனைச் சாலைகளில் பழக்கத்தில் இருக்கிறது. அட்டை கடிக்கும், முழங்கால் வரை சேறு ஏறும், காலை ஐந்து மணிக்கு எழ வேண்டும். இதையெல்லாம் முன்கூட்டியே தெரிந்துகொண்டு சேருவது நல்லது.

சேற்றில் எத்தனை நண்டு?

இந்த மாணவர்கள் எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் என்பதற்கு ஓர் உதாரணம். ஒரு சேற்றுத் திடலில் எத்தனை நண்டுகள் உள்ளன என்று அறிய வேண்டும். எல்லாவற்றையும் பிடித்து எண்ண முடியாது. முதல் நாள் 50 நண்டுகளைப் பிடித்து, ஓட்டில் ஒரு பொட்டுச் சாயம் வைத்து விட்டுவிடுகிறார்கள். மறுநாள் அதே இடத்தில் 40 நண்டுகளைப் பிடிக்கிறார்கள். அவற்றில் 10 நண்டுகளின் ஓட்டில் சாயம் இருக்கிறது. அதாவது, பிடித்ததில் நாலில் ஒன்று பொட்டு வைத்தது. அப்படியானால் மொத்தத்திலும் நாலில் ஒன்றுதான் பொட்டு வைத்ததாக இருக்க வேண்டும். பொட்டு வைத்தவை 50. ஆகவே மொத்தம் சுமார் 200.

எட்டாம் வகுப்பு விகிதக் கணக்குத்தான்! டென்மார்க்கைச் சேர்ந்த பீட்டர்சன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மீன்களுக்கும், அமெரிக்காவின் லிங்கன் 1930-இல் காட்டு வாத்துகளுக்கும் இந்த வழியைப் பயன்படுத்தினார்கள். சாயம் அழியக் கூடாது, பொட்டு வைத்த நண்டு மற்றவற்றோடு நன்றாகக் கலந்துவிட வேண்டும், இடையில் புது நண்டு வந்து சேரக் கூடாது என்பவை நிபந்தனைகள். இவற்றில் ஒன்று தவறினாலும் விடை தவறும். எங்கே தவறியிருக்கலாம் என்று சந்தேகிக்கக் கற்றுத் தருவதும் இந்தப் படிப்பின் வேலை.

இன்னொரு கணக்கு. புல்லில் சேர்ந்துள்ள சக்தி 10,000 பங்கு என்றால், அதைத் தின்னும் மானின் உடம்பில் சேர்வது ஏறத்தாழ 1,000 பங்கு. மானைத் தின்னும் சிறுத்தையிடம் சேர்வது 100 பங்கு. ஒவ்வொரு படியிலும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் மேலே போகிறது; மற்றது மூச்சாகவும் சூடாகவும் கழிந்துவிடும். இந்த வழியில் சிந்திக்க வைத்தவர் ரேமண்ட் லிண்டமன் என்ற அமெரிக்க இளைஞர். ஒரு சிறு ஏரியை வருடக்கணக்கில் ஆராய்ந்து அவர் எழுதிய கட்டுரையை முதலில் பத்திரிகை ஏற்கவில்லை. 1942-இல் அது அச்சாகி வந்தபோது அவர் உயிருடன் இல்லை. இறக்கும்போது அவருக்கு வயது 26.

மும்பைக்காரர்களுக்கு இந்தக் கணக்கு வீட்டு வாசலிலேயே நடக்கிறது. போரிவிலி பக்கத்து சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா சுமார் 104 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. நகரம் சூழ்ந்த அந்தக் காட்டில் சிறுத்தைகள் வாழ்கின்றன. காட்டின் ஓரத்துக் குடியிருப்புகளில் குப்பை பெருகினால் தெருநாய் பெருகும். நாய்களைத் தேடிச் சிறுத்தை இரவில் வெளியே வரும். சிறுத்தையைக் கூண்டு வைத்துப் பிடித்தால் போதுமா, குப்பையை அள்ள வேண்டுமா? சூழலியல் படித்தவர் குப்பையிலிருந்துதான் கணக்கைத் தொடங்குவார்.

மித்தி ஆறு சொன்ன பாடம்

இதனால் நமக்கு என்ன லாபம் என்று கேட்பவர்கள் 2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் தேதியை நினைத்துப் பார்க்க வேண்டும். அன்று சாந்தாக்ரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. ரயில் நின்றது. கோட்டைப் பகுதி ஆபீசுகளிலிருந்து இடுப்பளவு நீரில் நடந்தே வீடு திரும்பியவர்களில் நம்மவர்கள் எத்தனையோ பேர். குர்லாவிலும் தாராவியிலும் சயானிலும் பாத்திரம் பண்டம், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் நனைந்து போயின.

அவ்வளவு மழை வேறெந்த ஊரில் பெய்திருந்தாலும் வெள்ளம் வந்திருக்கும் என்பது உண்மை. ஆனால் மழை மட்டுமே காரணம் அல்ல. விஹார், பவாய் ஏரிகள் நிரம்பி வழியும் நீரே மித்தி ஆறு. சுமார் 18 கிலோமீட்டர் ஓடி, குர்லா, பாந்த்ரா-குர்லா வட்டாரம், தாராவி வழியாக மாஹிம் கழிமுகத்தில் கடலைச் சேர்கிறது. ஒரு காலத்தில் அதன் இரு கரையிலும் சதுப்பு நிலமும் கண்டல் காடும் இருந்தன. மழைநீர் பரந்து தங்கி, கடல் வற்றும் நேரத்தில் மெல்ல வடிவதற்கு அவை இடம் தந்தன. அந்தச் சதுப்பைத் தூர்த்துத்தான் பாந்த்ரா-குர்லா வளாகம் எழுந்தது. கரைகள் நெருக்கப்பட்டன, பட்டறைக் கழிவும் பிளாஸ்டிக்கும் ஆற்றை அடைத்தன. அன்று மழை கொட்டிய நேரத்தில் கடலும் ஏறி நின்றது. நீர் போக வழியில்லாமல் வீடுகளுக்குள் புகுந்தது.

கண்டல் காடு என்றால் நம்மவர்களுக்குச் சிதம்பரம் பக்கத்துப் பிச்சாவரம் நினைவுக்கு வரும். எம்.ஜி.ஆரின் ‘இதயக்கனி’ படத்தில் படகு போகும் அதே வகைக் காடு. அதன் உறவு மரங்கள்தான் மாஹிமிலும் தானே கழிமுகத்திலும் சேற்றில் மூச்சு வேர்களை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. ரயில் ஜன்னலில் தினமும் பார்த்தாலும் ‘புதர்’ என்று முகம் திருப்பிக்கொள்கிறோம். தாராவியின் பழங்குடிகளான கோளி மீனவர்களுக்கு அது மீன்குஞ்சு வளரும் தொட்டில். கழிமுகம் தூர்ந்து நாறியபோது அவர்கள் தொழிலும் போயிற்று.

வெள்ளம் வந்த அதே 2005-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் கண்டல் காடுகளை அழிக்கத் தடை விதித்தது. 2012-இல் மஹாராஷ்டிர வனத்துறையில் கண்டல் காடுகளுக்கென்றே தனிப் பிரிவு தொடங்கப்பட்டது. 2018-இல் உயர் நீதிமன்றம் தன் இறுதித் தீர்ப்பில், கண்டலை அழிப்பது மக்களின் உயிர்வாழும் உரிமையையே பாதிக்கும் என்று கூறியது. சட்டம் வந்துவிட்டது. ஆனால் எந்த இடத்தில் எவ்வளவு கண்டல் இருக்கிறது, எவ்வளவு அழிந்தது, ஆற்றில் எவ்வளவு பிராணவாயு என்பதைச் சட்டம் தானே எண்ணிக்கொள்ளாது. சேற்றில் இறங்கி எண்ண ஆள் வேண்டும். வெள்ளம் முதலில் புகும் வீடுகளின் பிள்ளைகள் அந்த ஆட்களில் இருப்பது நியாயம் அல்லவா?

பட்டம் இல்லாத மேதை

படிப்பின் அருமைக்கும் பட்டத்தின் அவசியத்துக்கும் இந்த நகரத்திலேயே ஒரு சாட்சி உண்டு. பறவை அறிஞர் சலீம் அலி 1896-இல் பம்பாயில் பிறந்தவர். கல்லூரியின் முதல் வருடமே சிரமமாக இருந்ததால் படிப்பை விட்டுவிட்டுப் பர்மாவுக்குக் குடும்பத் தொழிலைப் பார்க்கப் போனார். 1917-இல் திரும்பி வந்து, தாவர் வணிகக் கல்லூரியில் வணிகச் சட்டமும் கணக்கும் படிக்கச் சேர்ந்தார். நம் பிள்ளைகள் பி.காம். சேருவது போலத்தான்! செயிண்ட் சேவியர் கல்லூரியில் இருந்த பிளாட்டர் பாதிரியார் அவருடைய பறவைப் பித்தைக் கண்டு, விலங்கியல் படிக்கச் சொன்னார். காலையில் கணக்கு வகுப்பு, பிறகு விலங்கியல் வகுப்பு என்று இரண்டையும் படித்தார்.

ஆனால் முறையான பல்கலைக் கழகப் பட்டம் அவர் கையில் இல்லை. இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் பறவை இயல் அதிகாரி பதவி ஒன்று காலியானபோது, அந்தக் குறையினால் அவருக்கு அது கிடைக்கவில்லை. 1926-இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் மாதம் ரூ. 350 சம்பளத்தில் விளக்கவுரையாளர் வேலை கிடைத்தது. ஜெர்மனிக்குச் சென்று மேல்பயிற்சி பெற்று 1930-இல் திரும்பினால், பணமில்லை என்று அந்த வேலையையே எடுத்துவிட்டிருந்தார்கள்! வேலையில்லாமல் அலிபாக் அருகே கிஹிம் என்ற கடலோரக் கிராமத்தில் தங்கிய நாட்களில்தான் தூக்கணாங்குருவியை ஆராய்ந்தார். ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டி நிறுத்தும்; பெண் குருவி வந்து பார்வையிட்டு ஒப்பினால்தான் மீதியை முடிக்கும்; அது முட்டையிட்டு அமர்ந்ததும் ஆண் அடுத்த கூட்டையும் அடுத்த துணையையும் தேடிப் போகும் என்று அவர் கண்டு எழுதியது இன்றும் பேசப்படுகிறது. 1976-இல் அவருக்குப் பத்ம விபூஷண் கிடைத்தது.

பட்டம் இல்லாமலும் ஒருவர் மேதையாகலாம் என்பதற்கு இந்த வரலாற்றைச் சிலர் உதாரணம் காட்டுகிறார்கள். ஆனால் தாங்கிப் பிடிக்கக் குடும்பமும் உறவும் இருந்த சலீம் அலியையே ஒரு காகிதம் இல்லாத குறை தடுத்தது. வாடகை வீட்டில் வளரும் பிள்ளைக்கு அந்தக் காகிதம் இன்னும் அவசியம்.

பட்டத்தின் பெயரில் இருக்கிறது சூட்சுமம்

இனிப் பெற்றோர் ஊன்றிக் கவனிக்க வேண்டிய பகுதி. இந்தியாவில் ‘பி.எஸ்சி. எக்காலஜி’ என்ற பெயரிலேயே பட்டம் தரும் கல்லூரிகள் அரிது. தாவர இயல், விலங்கியல், உயிர் அறிவியல், சுற்றுப்புறச் சூழல் விஞ்ஞானம், வனவியல் என்ற பெயர்களில்தான் இந்தப் படிப்பு கிடைக்கிறது. பெரும்பாலோர் இவற்றில் ஒன்றை முடித்து, எம்.எஸ்சி.யில் சூழலியலுக்கு வருகிறார்கள்.

பெரிய பெயர்களைப் பார்த்தாலே இது விளங்கும். இந்தியச் சூழலியலின் தந்தை எனப்படும் காசி இந்துப் பல்கலைக் கழகப் பேராசிரியர் ராம்தேவ் மிஸ்ரா தாவர இயல்காரர். 1983-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சூழலியல் மையத்தைத் தொடங்கிய மாதவ் காட்கில், புணே ஃபெர்குசன் கல்லூரியில் உயிரியல் படித்தவர். யானை ஆராய்ச்சிக்காக 2006-இல் ஜப்பானின் காஸ்மாஸ் பரிசைப் பெற்ற ஆர். சுகுமார், சென்னைப் பல்கலைக் கழகத்தில் படித்தது தாவர இயல். பெண் பிள்ளைக்கு இது சரிப்படுமா என்று கேட்பவர்கள் ஜானகி அம்மாளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். 1897-இல் தலைச்சேரியில் பிறந்து, சென்னை ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் தாவர இயல் படித்து, அமெரிக்காவில் டாக்டர் பட்டம் பெற்றவர். கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி செய்தவர். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கைக் காக்க முதுமையிலும் குரல் கொடுத்தார்.

பட்டத்தின் பெயர் ஏன் முக்கியம்? இந்திய வனப்பணித் தேர்வை எடுத்துக்கொள்வோம். யு.பி.எஸ்.சி. நடத்தும் இத்தேர்வை எழுத, கால்நடை மருத்துவம், தாவர இயல், வேதியியல், மண்ணியலோடு சேர்ந்த புவியியல் அல்லாத நிலப்பொதியியல் எனும் ஜியாலஜி, கணிதம், இயற்பியல், புள்ளியியல், விலங்கியல் ஆகியவற்றில் ஒன்றேனும் பட்டப்படிப்பில் பாடமாக இருந்திருக்க வேண்டும். அல்லது விவசாயம், வனவியல், இன்ஜினீயரிங் பட்டம் வேண்டும். சுற்றுப்புறச் சூழல் விஞ்ஞானம் என்ற பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. காட்டைப் பற்றியே மூன்று வருடம் படித்த பிள்ளை, மதிப்பெண் பட்டியலில் தாவர இயலோ விலங்கியலோ வேதியியலோ பாடமாக இல்லாத காரணத்தால் அந்தத் தேர்வை எழுத முடியாமல் போகலாம். ஆகவே கட்டணம் கட்டுமுன், இந்தப் பட்டத்தில் எந்தெந்தப் பாடங்கள் மதிப்பெண் பட்டியலில் தனியாக வரும் என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்டுத் தெளிவு பெற வேண்டும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. எந்தப் பட்டம் படித்தாலும் சுற்றுப்புறச் சூழல் பற்றி ஒரு பாடம் இருக்கும். எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-இல் இட்ட உத்தரவின் விளைவு அது. பி.காம். மாணவரும் அதைப் படித்துத் தேற வேண்டும். அது பொது அறிவுக்கான ஒரு தாள் மட்டுமே. அதை வைத்துச் சூழலியல் படித்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

வனவியலில் நேரடியாகப் பட்டம் வேண்டுவோருக்கு மஹாராஷ்டிரத்தில் கொங்கண் வேளாண் பல்கலைக் கழகத்தின் தாபோலி வனவியல் கல்லூரியும், தமிழ்நாட்டில் மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியும் உள்ளன. மத்தியப் பல்கலைக் கழகங்களுக்கு 2022 முதல் கியூயெட் என்ற பொது நுழைவுத் தேர்வு நடக்கிறது. அதைத் தமிழிலும் எழுதலாம். ஆனால் சேர்ந்த பிறகு பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் எடுத்திருப்பது நல்லது. வணிகப் பிரிவில் படித்தவர்களுக்கு இந்த வழி அநேகமாக மூடியிருக்கும். ஆகவே பத்தாம் வகுப்பு முடிந்ததுமே யோசிக்க வேண்டும்.

புதிய முறைப்படி, பல பல்கலைக் கழகங்களில் மூன்று வருடத்தில் பட்டம் பெறலாம். நான்காவது வருடமும் படித்தால் ஆனர்ஸ். முதல் ஆறு பருவங்களில் 75 சதவீதம் எடுத்தவர்கள் நான்காம் வருடத்தில் ஆராய்ச்சி செய்து பட்டம் பெற வழியுண்டு. இந்தத் துறையில் மேலே போக நினைப்பவர்களுக்கு அந்த ஒரு வருடம் வீணாகாது.

சான்றிதழ்கள் பத்திரம்

பிற மாநிலத்தில் வாழும் நமக்கென்று ஒரு தனித் தொல்லை உண்டு. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியில் உள்ளவர், மஹாராஷ்டிரத்தில் குடியேறியதால் இங்கே மாநில ஒதுக்கீட்டைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990-இல் தீர்ப்பளித்தது. அந்த வழக்கே மும்பை மருத்துவக் கல்லூரி ஒன்றில் இடம் கேட்டு எழுந்ததுதான். ஆனால் மத்திய அரசின் கல்வி நிலையங்களிலும் வேலைகளிலும் ஊரில் பெற்ற சான்றிதழ் செல்லும். தமிழ்நாட்டுக் கல்லூரிக்கு மனுச் செய்தால் இருப்பிடச் சான்றிதழ் கேட்பார்கள். தாலுகா ஆபீசில் இதற்கு நாள் பிடிக்கும். ஆகவே பன்னிரண்டாம் வகுப்பு விடுமுறைக்குக் காத்திராமல், முந்தைய வருடம் ஊருக்குப் போகும்போதே இவற்றை வாங்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

வேலை கிடைக்குமா?

ஒளிக்காமல் சொல்ல வேண்டுமானால், வெறும் பி.எஸ்சி.யோடு நின்றால் வேலைகள் குறைவு, சம்பளமும் சுமார்தான். எம்.எஸ்சி. வரை போனால் நிலைமை மாறும். டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனம், பெங்களூர் தேசிய உயிரியல் ஆய்வு மையம், புதுச்சேரிப் பல்கலைக் கழகம், மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி ஆகியவை வனவிலங்கு, சூழலியல் மேல்படிப்புக்குப் பெயர் பெற்றவை.

அதன் பின்? வனத்துறை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், ஆராய்ச்சி நிலையங்கள், கல்லூரி ஆசிரியர் பதவி, தொண்டு நிறுவனங்கள் உண்டு. பெரிய அணை, சுரங்கம், துறைமுகம், தொழிற்சாலை கட்டுமுன் அதனால் சுற்றுப்புறத்துக்கு என்ன பாதிப்பு என்று அறிக்கை தர வேண்டும் என்ற விதி 1994-இல் வந்தது. 2006-இல் திருத்தி எழுதப்பட்டது. அந்த அறிக்கைகளைத் தயாரிக்கும் நிறுவனங்களுக்கும் ஆட்கள் வேண்டும். அங்கே ஒரு சோதனையும் காத்திருக்கிறது. திட்டம் கொண்டுவருகிறவரே அறிக்கைக்கும் பணம் கொடுக்கிறார். எண்ணியதை எண்ணியபடி எழுதுவதற்கு முதுகெலும்பு வேண்டும். முதலாளி சொன்னார் என்பதற்காகப் பொய்க் கணக்கு எழுத மறுத்த குமாஸ்தாக்கள் நம் வீடுகளில் இருந்திருக்கிறார்கள். அவர்களின் பிள்ளைகளுக்கு இதைத் தனியே சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சோதனை

கட்டணம் கட்டுமுன் செலவில்லாத சோதனை ஒன்று செய்து பார்க்கலாம். தாராவிக்கு எதிரே, மித்தி ஆற்றங்கரையில் மஹாராஷ்டிர இயற்கைப் பூங்கா இருக்கிறது. 37 ஏக்கர் பரப்புள்ள அந்த இடம் முன்பு நகரத்தின் குப்பை கொட்டும் மேடு. குப்பையின் மேல் மண் பரப்பி, மரம் நட்டு, 1994-இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். இன்று அங்கே வண்ணத்துப்பூச்சியும் பறவையும் வந்து தங்குகின்றன. செத்த நிலம் எப்படி உயிர் பெறும் என்பதற்கு அதைவிடப் பக்கத்தில் வேறு பாடப்புத்தகம் இல்லை.

ஒரு ஞாயிறு காலை, பிள்ளையின் கையில் ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் கொடுத்து அங்கே அழைத்துப் போக வேண்டும். ஒரே ஒரு மரத்தடியில் ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லி, எது வந்தது, எது போனது, எது எதைத் தின்றது என்று எழுதச் சொல்ல வேண்டும். அரை மணியில் போனை எடுத்துக்கொண்டால், அந்தப் பிள்ளைக்கு வேறு படிப்புப் பார்க்கலாம், அதில் தவறொன்றுமில்லை. ஒரு மணி கழிந்தும் எழுந்திருக்காமல், "இன்னும் கொஞ்ச நேரம்பா, அந்த எறும்பு எங்கே போகுதுன்னு பார்த்துட்டு வரேன்" என்று சொன்னால், தகப்பனாருக்கு விடை கிடைத்துவிட்டது. மறுநாள் திங்கட்கிழமை, ஆபீசுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, கல்லூரி அலுவலகத்துக்குப் போய் அந்தப் பாடப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டியதுதான்.